உப்புக் காற்றும் முன் ஷொக்கும்

உங்கள் பைக்கின் முன் ஷொக் பைப்பைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். டஸ்ட் சீலுக்குச் சற்று மேலே, பளபளப்பான பைப்பைச் சுற்றி ஒயில் வளையம் ஒன்று இருக்கிறதா? அதில் மண் ஒட்டிக் கருத்துப் போயிருக்கிறதா? துணியால் துடைத்துவிட்டு, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி ஹாண்டிலை நாலைந்து தரம் அமுக்கி விடுங்கள். வளையம் திரும்ப வந்தால் ஒயில் சீல் போய்விட்டது. முன்னேஸ்வரம், சிலாபம், மாதம்பை, உடப்பு என்று நம் கரையோரம் ஓடுகிற பைக்குகளில் இது மிகச் சாதாரணம். சாதாரணம் என்பதாலேயே யாரும் பெரிதாக எடுப்பதில்லை. எனக்கு அதில்தான் கவலை.

இன்னொரு சங்கதியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீல் மாற்றுவார்கள். கொஞ்ச நாள் சுத்தமாக ஓடும். பிறகு அதே பக்கம், அதே வளையம். சீல் டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். வேறு கடையில் வேறு சீல் வாங்கிப் போடுவார்கள். அதுவும் ஒழுகும். டூப்ளிகேட் சீல் சந்தையில் இருப்பது உண்மைதான். ஆனால் நம் பக்கத்தில் திரும்பத் திரும்ப ஒழுகுகிற ஷொக்கைக் கழற்றிப் பார்த்தால் பழுது பெரும்பாலும் பைப்பில் இருக்கும். சிலாபத்தில் எனக்குப் பழக்கமான பாஸ் ஒருவர் இதை ஒரே வரியில் சொல்லுவார்: "மல்லி, முதல்ல பைப்பப் பாருங்க, சீல் பொறகு." அவர் சொன்னதைத்தான் இந்தப் பதிவில் விரித்து எழுதப் போகிறேன்.

பைப் ஏன் கெடுகிறது? அது உருக்குக் குழாய். மேலே கடினக் குரோமியப் பூச்சு. பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். குரோமியம் தானாகத் துருப்பிடிக்காது. ஆனால் அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எப்போதும் உண்டு. உப்புக் கலந்த ஈரம் அந்த வெடிப்புகள் வழியே உள்ளே போய் உருக்கைத் தொடுகிறது. உருக்கு துருப்பிடித்தால் அதன் கனம் கூடும், வீங்கும். வீங்கின துரு மேலே இருக்கிற குரோமியத்தைத் தள்ளித் தூக்கும். வெளியே நமக்குத் தெரிவது குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளி மட்டும். ஆனால் அந்தப் புள்ளியின் விளிம்பில் உடைந்த குரோமியம் துருவலைப் பல்லைப் போல நிமிர்ந்து நிற்கும். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் அந்தப் பல் சீலின் ரப்பர் உதட்டின் மேல் போய் வருகிறது. எந்தக் கம்பனியின் சீலாக இருந்தாலும் எத்தனை நாள்தான் தாங்கும்?

முன்னேஸ்வரம் கடற்கரையில் இல்லை, சிலாபம் டவுனிலிருந்து வாரியப்பொல வீதியில் சில கிலோமீட்டர் உள்ளே தென்னந்தோப்புக்குள் இருக்கிறது, இங்கே ஏன் உப்பு என்று கேட்கலாம். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவக் காற்று அடிக்கும்போது கடலின் உப்புத் தூவல் இவ்வளவு தூரம் வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை. ஜன்னல் கம்பியையும் கூரைத் தகரத்தையும் பார்த்தால் தெரியும். அதோடு நாங்கள் எல்லோரும் தினமும் டவுனுக்குப் போய் வருகிற ஆட்கள். களப்போரம் இறால் பண்ணைப் பக்கம் போவோம், கடற்கரை மணலில் வண்டியை நிறுத்துவோம். மீன் லொறிகளின் ஐஸ் தண்ணீர் வீதியெல்லாம் சொட்டிக்கொண்டே போகும். பின்னால் போகிற பைக்கின் முன் டயர் அதை அள்ளி நேரே ஷொக் பைப்பில் அடிக்கும். நான் பார்த்தவரை மீன் வியாபாரிகளின் பைக்குகளில்தான் பைப் மோசமாகப் புள்ளி விழுந்திருக்கும். அதுவும் காற்றும் சேறும் படுகிற முன்பக்கத்தில்.

வண்டிகளின் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. 2022 இல் டொலர் இல்லாமல் நாடே திணறியது. பைக்குக்குக் கிழமைக்கு 4 லீட்டர் பெற்றோல் என்று கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்றோம். தனியார் வாகனங்களை மறுபடி இறக்க அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். அதற்குப் பிறகும் புதுப் பைக்கின் விலை எல்லோருக்கும் எட்டுகிற விலை இல்லை. ஆகவே இந்தப் பக்கம் ஓடுகிற டிஸ்கவர், பல்சர், சிடி 100, ஹீரோ, பழைய ஹொண்டா எல்லாம் பத்துப் பதினைந்து வருசம் உப்புக் காற்றைக் குடித்தவை. இருக்கிற வண்டியைக் காப்பாற்றி ஓட்டுவதுதான் நமக்கு வழி.

ஒயில் ஒழுகினால் என்ன, ஊற்றிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: ஒழுகுகிற ஒயில் நிலத்தில் மட்டும் விழுவதில்லை. டிஸ்க் பிரேக் இருக்கிற ஷொக் காலில் ஒழுகினால் அது நேரே கலிப்பர் வழியாக பிரேக் பேட்டுக்குப் போகும். ஒயில் குடித்த பேட் பிடிக்காது. பிரேக் பிடிக்கும்போது பைக்கின் பாரம் முன்னால் சாய்வதால் நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்கினுடையது. முன்னேஸ்வரம் கோயிலின் ஆவணித் திருவிழா நடக்கிற நான்கு கிழமையும் கோயில் வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கைப்பிள்ளைகளோடு வருகிறவர்கள், அருச்சனைத் தட்டோடு திடீரென்று வீதியைக் கடக்கிறவர்கள், தமிழரும் சிங்களவருமாக நாடு முழுவதிலிருந்தும் வருகிற சனம். அந்தக் கூட்டத்துக்குள் ஒயில் பூசின பேட்டோடு ஒருவர் பைக் ஓட்டக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஷொக்குக்குள் ஒயில் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது ஒயில் உள்தண்டின் சிறு துளைகள் வழியாக நெருக்கி ஓட வேண்டும். அந்த நெருக்கடிதான் குதிப்பை அடக்குகிறது. அமுங்கும்போது ஒயிலுக்கு வழி தாராளம், விரியும்போது குறைவு. அதனால்தான் நல்ல ஷொக் சட்டென்று அமுங்கி மெதுவாக எழும்பும். ஒயிலால் அடக்குகிற இந்த ஷொக்கை 1935 இல் ஜெர்மனியின் பீஎம்டபிள்யூ தன் ஆர் 12, ஆர் 17 பைக்குகளில் கொண்டுவந்தது. நம் சிறிய பைக்குகளில் இன்றைக்கும் இருப்பது அதே தத்துவம்தான். ஒயில் குறைந்தால் ஸ்பிரிங் தன் பாட்டுக்குக் குதிக்கும், டயர் வீதியை விட்டு விட்டுத் தொடும், பிரேக் பிடித்தால் மூக்கு தடாலென்று கீழே போகும்.

இனி வேலை. கீழே எழுதுவது சாதாரண ஷொக்குக்கு, அதாவது மேலே பைப், கீழே தடித்த அலுமினியம் பொட்டம் கேஸ். தலைகீழாக வருகிற புது ஷொக்குகளுக்கு ஒழுங்கு வேறு.

கழற்றுவதற்கு முன்னாலேயே ஒரு சோதனை. சில நேரம் சீல் சேதமாகியிருக்காது, உதட்டுக்கு அடியில் ஒரு மணல் மட்டும் சிக்கியிருக்கும். டஸ்ட் சீலை மேலே தூக்கிவிட்டு, பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு கீலம் வெட்டி, ஓரங்களை மழுங்கலாக வைத்து, பைப்புக்கும் சீலுக்கும் நடுவே செருகி ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். கறுப்பு அழுக்கு வரும். அதோடு ஒழுக்கு நின்றால் உங்கள் காசு மிச்சம். நிற்கவில்லை என்றால் கழற்ற வேண்டியதுதான்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்குக் கீழே தென்னங்குற்றி ஒன்றை வைத்து முன் சில்லைத் தூக்குங்கள். சில்லைக் கழற்றும் முன் செய்ய வேண்டியது இரண்டு. மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, பைப் இன்னும் கீழ்க் கிளாம்ப்பின் பிடிக்குள் இருக்கும்போதே அதன் தலை மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். காலைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகு அந்த மூடி லேசில் அசையாது. அதேபோலப் பொட்டம் கேஸின் அடியில் இருக்கிற அலன் போல்ட்டையும் அப்போதே சற்றுத் தளர்த்துங்கள். ஸ்பிரிங்கின் அழுத்தம் உள்தண்டைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்த பிறகு திருகினால் போல்ட்டோடு உள்தண்டும் சேர்ந்து சுற்றும். அப்படிச் சுற்றினால் நம்மூர் வைத்தியம் ஒன்று உண்டு: தும்புத்தடியின் நுனியைக் கூம்பாகச் சீவி, பைப்புக்குள் விட்டு, உள்தண்டின் தலையில் அழுத்தி இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒருவர் தடியைப் பிடிக்க மற்றவர் போல்ட்டைத் திருகினால் கழரும். தடி கழுவிக் காய்ந்ததாக இருக்கட்டும், தும்பு உள்ளே விழக்கூடாது.

கலிப்பரைக் கழற்றினால் அதன் குழாயில் தொங்க விடாதீர்கள், கம்பியால் மேலே கட்டுங்கள். பிறகு சில்லு, மட்கார்ட், கால். மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கி வையுங்கள். கீழே அமுங்கி இருக்கிற ஸ்பிரிங் மூடியைத் தூக்கி எறியும்.

ஒயிலை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் வடியுங்கள். வெள்ளை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளியே வருகிற ஒயிலைப் பார்த்தே பாதிக் கதை தெரிந்துவிடும். சாம்பல் நிறத்தில் மினுமினுப்போடு இருந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. பால் கலந்தது போல வெளிறி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் உங்கள் பைக் நின்றிருந்தால், சீல் ஒழுகாவிட்டாலும் இந்த ஒயிலை ஒருமுறை வடித்துப் பாருங்கள். ஷொக் மூழ்கின வண்டிக்கு எஞ்சின் ஒயிலை மாற்றுகிறவர்கள் ஷொக் ஒயிலை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் கலந்த ஒயில் பைப்பை உள்ளே இருந்தும் தின்னும்.

நம் பக்கத்தில் கையைக் கடிக்கிற இடம் சீலுக்கு மேலே உள்ள கம்பிக் கிளிப். அது உட்கார்ந்திருக்கிற காடியில் உப்பும் துருவும் இறுகி, கிளிப்பும் பொட்டம் கேஸும் ஒன்றாகிப் போயிருக்கும். அவசரப்பட்டு ஸ்குரூடிரைவரால் நெம்பினால் காடியின் அலுமினிய விளிம்பு உடையும். துரு இளக்குகிற ஒயிலை அடித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். கிளிப் வந்த பிறகு, முன்பே தளர்த்தின அடிப் போல்ட்டை முழுக்கக் கழற்றி, பைப்பை இழுத்து எடுத்து, பொட்டம் கேஸின் வாயில் ஒரு மரத்துண்டு வைத்து, டயர் லீவரால் பழைய சீலை நெம்புங்கள். சில மொடல்களில் சீலுக்கு அடியில் புஷ் இருக்கும். அவற்றில் பைப்பை மேல்நோக்கிச் சில தரம் வெடுக்கென்று இழுத்தால் சீலும் புஷ்ஷும் சேர்ந்தே வரும்.

இப்போது பைப். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நகத்தை மேலும் கீழுமாக ஓட்டுங்கள். பாஸ் பழைய நைலோன் காலுறை ஒன்றைப் பைப்பில் சுற்றி இழுப்பார். கண்ணும் நகமும் தவறவிட்ட விளிம்பில் அந்த நூல் சிக்கும். அப்படிச் சிக்கின ஒவ்வோர் இடத்திலும் அவர் பென்சிலால் வட்டம் போடுவார். வட்டம் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கிளாம்ப்புகளுக்கு நடுவில், ஹெட்லைட்டுக்குப் பின்னால் எவ்வளவு துரு இருந்தாலும் சீலுக்கு நட்டம் இல்லை, சீல் அங்கே போவதே இல்லை. சீல் ஓடுகிற நீளத்துக்குள் இருக்கிற புள்ளிகள்தான் எதிரி.

ஒன்றிரண்டு சின்னப் புள்ளி என்றால் காப்பாற்றலாம். 1500 அல்லது 2000 நம்பர் தண்ணீர்த் தாளை ஒயிலில் நனைத்து, நிமிர்ந்து நிற்கிற விளிம்பை மட்டும் மழுக்குங்கள். தேய்க்கிற திசை பைப்பைச் சுற்றி இருக்க வேண்டும்; நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஒயிலுக்கு ஒரு வாய்க்கால். குழியைச் சுத்தமாக்கி எபொக்சி பசை வைத்து, நன்றாக இறுகின பிறகு அதே தாளால் மட்டமாக்கலாம். இது நிரந்தர வைத்தியம் இல்லை, ஆனால் அடுத்த சீலுக்கு ஆயுள் கொடுக்கும். புள்ளிகள் கூட்டமாக இருந்தாலோ பூச்சு உரிந்து வந்தாலோ பசை வேலை செய்து பயன் இல்லை. புதுப் பைப் வாங்குங்கள், அல்லது கடினக் குரோமியம் பூசித் தீட்டித் தருகிற பட்டறைக்கு அனுப்புங்கள். ஸ்டீல் கேட்டுக்குப் பூசுகிற அலங்காரக் குரோமியம் இதற்கு உதவாது. காசு கஷ்டம் என்றால் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வையுங்கள், அதுவரை பைக்கை ஓட்டாமல் நிறுத்துங்கள். கெட்ட பைப்பில் புதுச் சீல் போடுவதை விட அது நல்லது. பைப் வளைந்திருக்கிறதா என்று பார்க்க மேசைக் கண்ணாடியில் உருட்டினால் போதும்.

சீல் வாங்கும்போது மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 31, 43, 10.3 என்று இருந்தால் உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு, எல்லாம் மில்லிமீட்டரில். பழைய சீலிலேயே இது பொறித்திருக்கும். சீலின் உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் வளையம் ஒன்று இருக்கும், அது துருவில்லாமல் இருக்க வேண்டும். கடை வெயிலில் தொங்கி விறைத்துப்போன ரப்பரை வாங்க வேண்டாம். ஒரு கால்தான் ஒழுகுகிறது என்றாலும் இரண்டு காலுக்கும் சீல், டஸ்ட் சீல், கிளிப், அடிப் போல்ட்டின் செப்பு வாஷர் வாங்கிவிடுங்கள்.

போடுவது எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் உள்தண்டையும் பைப்பையும் பொட்டம் கேஸுக்குள் இறக்கிப் புது வாஷரோடு அடிப் போல்ட்டை இறுக்குங்கள். புஷ் இருக்கிற மொடல் என்றால் சீலுக்கு முன்னால் புஷ்ஷும் வாஷரும் தம் இடத்துக்குப் போக வேண்டும். பைப்பின் மேல் நுனியில் மெல்லிய பொலித்தீன் பையைச் சுற்றி, ஷொக் ஒயில் தடவி, அதன் மேலாகச் சீலை இறக்கினால் உதடு கீறாது. எழுத்துப் பொறித்த பக்கம் மேலே, ஸ்பிரிங் உள்ள பக்கம் கீழே ஒயிலைப் பார்த்து. பழைய சீலை அதன் மேல் வைத்து, பொருத்தமான பிவிசி குழாய்த் துண்டால் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டுங்கள். தட்டுகிற சத்தம் மாறும். அப்போது பழைய சீலை எடுத்துவிட்டுக் காடி முழுவதும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால்தான் கிளிப் உட்காரும். கிளிப் காடிக்குள் எல்லாப் பக்கமும் போய்விட்டதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவி உறுதி செய்யுங்கள்.

ஒயில் விசயத்தில் நம் கராஜ்களில் நடப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. திறந்திருக்கிற எஞ்சின் ஒயில் போத்தலில் இருந்து கண்மட்டத்தில் இரண்டு காலுக்கும் ஊற்றிவிடுவார்கள். எஞ்சின் ஒயில் இதற்கு மிகத் தடிப்பு. ஷொக் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும், அழுத்தம் கூடிச் சீலும் சீக்கிரம் போகும். கையேட்டில் சொல்லியிருக்கிற ஷொக் ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும். சின்னப் பைக்குகளில் பெரும்பாலும் 10டபிள்யூ வகை. ஒரு சங்கதி: ஒரு கம்பனியின் 10டபிள்யூவும் இன்னொரு கம்பனியின் 10டபிள்யூவும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போத்தலின் பின்னால் 40 பாகையில் உள்ள பாகுநிலையைப் பார்த்து வாங்குங்கள், அடுத்த முறையும் அதையே வாங்குங்கள். சிலாபத்தில் கிடைக்கவே இல்லை என்றால் பவர் ஸ்டியரிங்குக்கும் ஓட்டோ கியருக்கும் ஊற்றுகிற ஏடிஎஃப் ஒயில் எஞ்சின் ஒயிலை விட ஆயிரம் மடங்கு பரவாயில்லை.

அளவு அதைவிட முக்கியம். சின்னப் பைக்குகளுக்கு ஒரு காலுக்குப் பெரும்பாலும் 150 முதல் 200 மில்லிலீட்டர் வரை. உங்கள் மொடலின் அளவைக் கையேட்டில் பாருங்கள். மருந்துக்கடைச் சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். ஸ்பிரிங் போடாமல் பைப்பை மெதுவாக ஏற்றி இறக்கினால் காற்றுக் குமிழிகள் வரும். அவை நிற்கும் வரை ஏற்றி இறக்குங்கள். பிறகு பைப்பை முழுக்க அமுக்கி, நேராக நிறுத்தி, பைப்பின் வாயிலிருந்து ஒயில் மட்டம் வரை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். இரண்டு காலிலும் அந்த இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் நிற்கிற காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஒயில் கூடினால் காற்றுக்கு இடமில்லை, கடைசிப் பகுதியில் ஷொக் விறைக்கும். குறைந்தால் அடியில் போய் முட்டும்.

திரும்பப் பூட்டும்போது அச்சு நட்டை இறுக்கின பிறகு, பக்கத்தில் உள்ள கிளாம்ப் போல்ட்டை இறுக்கும் முன், வண்டியை நிலத்தில் இறக்கி ஷொக்கைச் சில தரம் அமுக்கி விடுங்கள். இரண்டு கால்களும் தாமாக நேர்வரும். ஒயில் குடித்த பேட்டை நெருப்பில் காட்டியோ மண்ணில் தேய்த்தோ காப்பாற்றப் பார்க்க வேண்டாம், தூக்கி எறியுங்கள். டிஸ்க்கைத் தின்னரோ பிரேக் கிளீனரோ கொண்டு துடையுங்கள். வீதியில் ஏறும் முன் பிரேக் லீவரை இறுக்கம் வரும்வரை அமுக்குங்கள். கலிப்பரைக் கழற்றிப் பூட்டியபின் முதல் அமுக்கு வெறுமையாகத்தான் போகும், அது கேற் வாசலிலேயே நடந்து முடியட்டும்.

பிறகு பராமரிப்பு. கடற்கரைக்கோ களப்புப் பக்கமோ போய் வந்த அன்றைக்கே கிணற்றுத் தண்ணீரால் பைப்பைக் கழுவித் துடைத்து, சுத்தமான துணியில் ஒரு சொட்டு ஷொக் ஒயில் விட்டு மெல்லிசாகப் பூசுங்கள். பழைய பைக்குகளில் பைப்பைச் சுற்றி வந்த மடிப்பு மடிப்பான ரப்பர் உறை நம் கரைக்கு மிக நல்ல பொருள். கிடைத்தால் போடுங்கள், ஆனால் மாதத்துக்கு ஒரு தரமாவது தூக்கி உள்ளே காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தங்கின உப்புத் தண்ணீர் வெளிக்காற்றை விட வேகமாகத் தின்னும்.

வடித்த பழைய ஒயிலைத் தென்னைக்கு அடியில் ஊற்றுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இங்கே மண் மணல், கிணற்றுத் தண்ணீர் சில அடி ஆழத்தில் நிற்கிறது, மிச்சம் எல்லாம் களப்புக்குத்தான் போகும். ஒரு போத்தலில் ஊற்றி மூடி, பழைய ஒயில் எடுக்கிற சேர்விஸ் ஸ்டேசனில் கொடுத்துவிடுங்கள். புதுச் சீல் போட்டு ஒரு கிழமை ஓடின பிறகு கிளாம்ப் போல்ட்டுகளையும் அச்சு நட்டையும் ஒருமுறை ஸ்பனர் வைத்துப் பாருங்கள், பைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். வேலை சரி என்றால் விரலில் ஒயில் ஒட்டாது.